நட்டு ஏறிவிட்டது, எண்ணெய் ஏன் கசிகிறது?



தெலுக் பங்லிமா காராங்கில் பட்டறை வேலை பழகும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார்: “சார், பெரிய பிரேக் மாட்டினோம். குழாயும் புதுசு, நட்டும் முழுசா ஏறிடுச்சு. அப்புறம் ஏன் எண்ணெய் கசியுது?”

நல்ல கேள்வி. பந்திங் சாலையில் முன்னால் போகும் செம்பனை லாரி திடீரென நின்றால், உங்கள் காரும் நின்றாக வேண்டும். அப்போது உயிரைக் காப்பது சுமார் 4.75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய்தான்.

அழுத்தம் எவ்வளவு?

படிவம் 5 இயற்பியலில் ‘பிரின்சிப் பாஸ்கல்’ படிப்பீர்கள். மூடிய கலனில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டின் பிளேஸ் பாஸ்கல் சொன்னது இது.

ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் 200 நியூட்டன் விசையில் மிதிக்கிறீர்கள். நெம்புகோலான மிதியும், விசையைக் கூட்டும் பூஸ்டரும் சேர்ந்து அதை 2,000 நியூட்டன் ஆக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதன்மை உருளையின் பிஸ்டன் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், அழுத்தம் 50 லட்சம் பாஸ்கல். இது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 50 மடங்கு! குழாயின் ஒவ்வொரு இணைப்பும் இதைத் தாங்க வேண்டும்.

அடைப்பது எது?

நட்டின் மறைதான் கசிவை அடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நட்டு, குழாயின் விரிந்த நுனியை எதிரில் உள்ள இருக்கையோடு அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். உலோகமும் உலோகமும் பொருந்தும் அந்த இடமே அடைப்பு. ஆகவே, மறையில் வெள்ளை டேப் சுற்றுவதால் பயனில்லை.

அந்த விரிந்த நுனிக்கு ‘ஃபிளேர்’ என்று பெயர். காரில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

1. இரட்டை ஃபிளேர்: நுனி 45 பாகையில் புனல்போல் உட்குழிந்து, இரண்டு அடுக்காக மடிந்திருக்கும். எதிரில் ஒரு கூம்பு இருக்கும். ஜப்பானிய, அமெரிக்கக் கார்களில் இதுவே அதிகம்.

2. குமிழ் ஃபிளேர்: நுனி காளான்போல் வெளியே புடைத்திருக்கும். எதிரில் ஒரு குழி இருக்கும். ஐரோப்பியக் கார்களில் இதுவே அதிகம்.

சிக்கல் இங்கேதான். இரண்டிலும் 10 மில்லிமீட்டர் நட்டும் ஒரே அளவு மறையும் இருக்கலாம். அதனால், தவறான நுனியோடும் நட்டு ஏறிவிடும்! ஆனால் கூம்பை எதிர்பார்க்கும் நுனி குழியில் சரியாக உட்காராது. பந்தயக் கார்களின் 37 பாகை இணைப்பை 45 பாகை நுனியோடு சேர்த்தாலும் இதே கதிதான். ஒரு மெல்லிய வட்டக் கோடு மட்டுமே தொடும். என் மாணவரின் பட்டறையில் நடந்ததும் இந்தக் கலப்புதான்.

கருவியும் முறையும்

பழைய குழாயின் நுனியையும் இருக்கையையும் முதலில் பாருங்கள். வகையை ஊகிக்க வேண்டாம். குழாயை இரம்பத்தால் அறுக்காமல், சுற்றி வெட்டும் கருவியால் நேராக வெட்ட வேண்டும். உள்விளிம்பின் பிசிறை நீக்கித் துடைக்க வேண்டும். நட்டை முன்கூட்டியே மாட்டிவிட வேண்டும். மறந்தால், விரிந்த நுனியைத் தாண்டி நட்டு நுழையாது. பிறகு, அந்த வகைக்குரிய அச்சில் குழாயை இறுகப் பிடித்து நுனியை விரிக்க வேண்டும்.

இரண்டு அடுக்கு எதற்கு? எஃகுக் குழாயை ஒரே அடுக்காக விரித்தால், விளிம்பு மெலிந்து கீறல் விழலாம். அதனால் பிரேக்கில் ஒற்றை ஃபிளேர் கூடாது.

இதையெல்லாம் நீங்களே செய்து பார்க்காதீர்கள். பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் “இது எந்த ஃபிளேர், அண்ணே?” என்று தயங்காமல் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

ஊசியில்லாத 5 மில்லிலிட்டர், 20 மில்லிலிட்டர் சிரிஞ்சுகளில் நீர் நிரப்பி, ஒரு மெல்லிய குழாயால் இணையுங்கள். சிறியதை அழுத்துங்கள். பிறகு இணைப்பைச் சற்றே தளர்த்தி மீண்டும் அழுத்துங்கள். பெரிய சிரிஞ்சு இப்போது எவ்வளவு நகர்கிறது? ஏன்?