கூடைக் கயிறும் பெயர் அட்டையும்



எல்லயில் திறக்கவிருக்கும் கலைக்கூடத்தின் விற்பனைப் பகுதிக்காக நீ வரைந்த மாதிரிப் புத்தகத்தை முழுதும் பார்த்தேன். துணி, அச்சு, அடக்கவிலை எல்லாம் உனக்குத் தெரிந்த விஷயங்கள். அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என்னை எழுத உட்கார வைத்தது கொழுந்து பறிக்கும் பெண்ணின் அந்தக் கறுப்பு நிழலுருவம். குவளையிலும் துணிப்பையிலும் காந்தவில்லையிலும் தபால் அட்டையிலும் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. முகம் இல்லை. கூடை இரண்டு தோள்களிலும் வார் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. தம்பி, நம் தோட்டங்களில் கொழுந்துக் கூடையைத் தாங்குவது தோள் அல்ல, தலை. மடித்த துணியின்மேல் உச்சந்தலையைச் சுற்றிக் கயிறு வரும், கூடை முதுகில் தொங்கும், பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். பல மலைகளில் இன்று கூடைக்குப் பதிலாகச் சாக்கு வந்துவிட்டது. அதன் கயிறும் தலையில்தான். கயிற்றை இடம் மாற்றிய உடனே கழுத்தின் சாய்வு பொய்யாகிறது, முதுகின் வளைவு பொய்யாகிறது, இரண்டு கைகளும் செடிமேல் நீளும் விதம் பொய்யாகிறது. கழுத்து எலும்பு தேய்ந்து ஓய்வு பெறும் பெண்களின் உழைப்பை வரைகிறவன் இந்தக் கயிற்றில் தவறக் கூடாது. இதைச் சிறிய பிழை என்று நீ நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பதுளை மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு கயிற்றை ஒருவன் வரைகிறான் என்றால், அவன் மலையைப் பார்த்து வரையவில்லை, வேறொரு படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான்.

அந்த வேறொரு படம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் வாதத்தின் மையம். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்னத் தொழிற்சாலை அந்தக் காலத்தில் எழுந்தது. கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் அவருடைய விளம்பரங்களில் ஏறியது. அதே 1890இல் கொழும்பில் பிளாட்டே நிழற்படக் கூடம் தொடங்கியது. அதுவும் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற கூடங்களும் கப்பலில் வந்து போகும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு நிழற்படங்களையும் தபால் அட்டைகளையும் விற்றன. அவற்றின் கீழே அந்தப் பெண்ணின் தொழில் இருக்கும், இனம் இருக்கும், அவள் பெயர் இருக்காது. ஆகவே பெயரில்லாத கொழுந்துக்காரிதான் மலைநாடு உலகத்துக்கு விற்ற முதல் நினைவுப் பொருள். அந்த உருவத்தை உண்டாக்கியது தேயிலை வியாபாரம், கலை அல்ல. ஒரு கலைக்கூடத்தின் விற்பனைப் பகுதி கலையிலிருந்து பிறந்த பொருளை வைக்க வேண்டிய இடம். அங்கே லிப்டனின் விளம்பரத்தை இன்னொரு முறை அச்சடித்து வைத்தால் நாம் நடத்துவது தேயிலைக் கடை. தேயிலைக் கடைகள் எல்லயில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

உல்லாசப் பயணிக்குப் பழக்கமான உருவம் வேண்டும், அது இல்லாவிட்டால் பொருள் விலை போகாது என்று நீ சொல்வாய். கடை வைத்திருப்பவர் நிச்சயம் சொல்வார். இது நியாயமான மறுப்பு. ஆனால் நம் தீவிலேயே இதற்கு எதிரான சாட்சி இருக்கிறது. அம்பலாங்கொடை முகமூடியைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் யாருக்கும் நாக ராக்ஷ என்றால் என்னவென்று முன்பே தெரிந்திருக்கவில்லை. கோலம் கூத்திலும் சன்னி சடங்கிலும் எந்த முகத்துக்கு எந்த வேடம் என்று அந்த ஊர்ச் செதுக்குநர்கள் சொன்னார்கள். கதுரு மரத்தில் செதுக்கிய முகத்தைப் பெயரோடு விற்றார்கள். 1987இல் அரியபால குடும்பத்தார் முகமூடிகளுக்கென்றே ஒரு நூதனசாலை திறந்தார்கள். இன்று அந்த முகம் நாடு முழுவதும் அறியப்பட்ட உருவம். பழக்கம் என்பது உண்டாக்கப்படுவது. லண்டனில் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலையின் கடையில் வில்லியம் மொரிஸ் 1883இல் வரைந்த துணிக்கோலம் ஒன்று இன்றுவரை எத்தனையோ பொருட்களில் ஏறி விற்கிறது. அவர் தன் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் குருவிகள் ஸ்ட்ரோபெரிப் பழம் திருடுவதைப் பார்த்து வரைந்தது அது. இங்கிலாந்தின் அடையாளம் என்று யாரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த கோபுரத்தையோ கிரீடத்தையோ அவர் வரையவில்லை. தன் கண்ணெதிரே இருந்த ஒன்றைத் துல்லியமாக வரைந்தார். பீஜிங்கின் அரண்மனை நூதனசாலை 2017இல் தன் சேகரிப்பை ஒட்டிச் செய்த பொருட்களால் மட்டும் 150 கோடி யுவான் ஈட்டியது. அந்தப் பொருட்களின் வேர் நூதனசாலையின் பெட்டகத்துக்குள் இருந்தது. ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தை எல்லயில் எல்லாரும் விற்கிறார்கள், விற்கட்டும். அதற்கு உன் கை தேவையில்லை.

உன் கை தேவைப்படும் இடம் எது என்பதையும் நீயே காட்டியிருக்கிறாய். மாதிரிப் புத்தகத்தின் கடைசியில் வரும் சால்வையைச் சொல்கிறேன். காமன் கூத்தில் மன்மதனும் ரதியும் அணியும் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளையும் ஜிகினாத் தாளின் மடிப்புகளையும் எடுத்து, சிவப்பும் பச்சையும் பொன்னும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் கோலமாக விரித்திருக்கிறாய். மலையகத்தில் இதுவரை நான் பார்த்த துணிக்கோலங்களில் இதற்கு நிகரானது இல்லை. ஓரத்தில் தப்புப் பறையின் வட்டத்தை முழுதாகக் காட்டாமல் கால்வாசி வட்டமாக வெட்டி, அடுத்தடுத்து வைத்து, அடியின் ஓசை வரிசையைக் கண்ணால் கேட்க வைத்திருக்கிறாய். இதைச் செய்யத் தெரிந்தவன் எதற்காக அந்த நிழலுருவத்தின் பக்கம் போனான் என்பதுதான் எனக்குக் கோபம். கூலி கொடுத்து யாரும் ஆடச் சொல்லாத ஆட்டம் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருந்து, லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகள்தோறும் போய் ஆடி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரித்து முடிக்கும்வரை தோட்டமே அதன் மேடை. காலையில் வேலைக்குப் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடப்பட்டு நிற்கும் அதே ஆள் இரவில் அட்டையையும் பலகையையும் கண்ணாடியையும் கொண்டு தன் தலைக்கு ஒரு கிரீடத்தைத் தானே செய்துகொள்கிறான். கூடை அவனுக்கோ அவளுக்கோ தரப்பட்ட கருவி. கிரீடம் அவர்கள் படைத்தது. கலைப்பொருளை ஒட்டிச் செய்யும் பொருள் எதிலிருந்து பிறக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சாமி காரியத்தைச் சந்தைக்குக் கொண்டுவரலாமா என்று தோட்டத்திலேயே கேட்பார்கள். கேட்பது சரி, அதற்கு எல்லை வகுக்கவும் முடியும். கம்பம் அந்த நாட்களில் தெய்வம். அதைக் குவளையிலும் காந்தவில்லையிலும் போடாதே. கிரீடமும் முகப்பூச்சும் தப்பும் பார்வையாளரின் கண்ணுக்கும் காதுக்கும் என்று செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து எடு. இதே இடத்தில் தகரத் துண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் குறிப்பில் அதைச் சாவிக்கொத்தில் மாட்டும் வில்லையாகச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறாய். தோட்ட எண் பொறித்த அந்தத் தகர வில்லையைக் கழுத்தில் கட்டித்தான் இந்தியாவிலிருந்து ஆட்களை இங்கே அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்கு, யாருடைய கணக்கில் என்பதைத் தகரம் சொன்னது, ஆளின் பெயரை அது கேட்கவில்லை. அதை நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் 2007 முதல் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, லயத்து வாழ்க்கையின் புழங்குபொருட்களைக் காப்பதற்காகவே எழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வரலாறு சூழத் தகரம் பேசும். விடுமுறைக்கு வந்தவரின் கார்ச் சாவியோடு தொங்கும்போது அது வெறும் அலங்காரம். அந்தக் குறிப்பை அடித்துவிடு.

இரண்டாவது குறை பொருளின் பின்பக்கம். உன் சால்வையின் பெயர் அட்டையில் ஆங்கிலத்தில் மலைநாட்டுப் பாரம்பரியம் என்ற பொருளில் இரண்டு சொற்கள் மட்டும் இருக்கின்றன. எந்தக் கூத்து, எந்தத் தோட்டம், கிரீடம் கட்டியவர் யார், தப்பு யாருடையது, ஒன்றும் இல்லை. பிளாட்டே அட்டையின் கீழே இருந்த அதே வெறுமை இங்கேயும் இருக்கிறது. முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்பக்கத்தில் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பொருள் கலையிலிருந்து வந்தது என்பதற்கு வாங்கியவர் கையில் அத்தாட்சி இல்லை. கூத்து பரம்பரைச் சொத்து, அதற்குத் தனி ஆசிரியர் கிடையாது, யார் பெயரைப் போடுவது என்று கேட்பாய். கதை பரம்பரையானது. கிரீடம் அப்படியல்ல. இந்தக் கிரீடத்தை இந்த மாசியில் இந்தத் தோட்டத்தில் கட்டியவருக்குப் பெயர் இருக்கிறது, அவருடைய கைக்குத் தனி அடையாளம் இருக்கிறது. நீ கடன் வாங்கியது அந்தக் கையிடமிருந்து.

சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. வியாபாரத்துக்காகவோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ அவற்றை எடுத்தாளுவதற்கு அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்கிறது. ஆனால் அந்த அனுமதியைத் தருவது அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரி, பணம் போவது பொதுவான பண்பாட்டு வளர்ச்சிக்கு. தெமோதரைப் பக்கமோ பசறைப் பக்கமோ கண் விழித்துக் கிரீடம் கட்டியவரின் கைக்கு அது வந்து சேர அந்தப் பிரிவில் வழி சொல்லப்படவில்லை. எனவே சட்டத்துக்குப் பணிவது போதாது. குழுவோடு நேரே பேசித்தான் ஆக வேண்டும். அம்பலாங்கொடையை மேலே புகழ்ந்தேன், அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். முகமூடி உலகம் சுற்றிய அதே காலத்தில் கோலம் கூத்து அதன் சொந்தக் கரையோர ஊர்களில் அருகிப் போனது. பொருளின் வருமானம் ஆட்டத்துக்குத் திரும்பாவிட்டால் பொருள் தழைத்துக் கலை வாடும். உன் சால்வை விற்று அடுத்த மாசிக்குத் தப்புக்குப் புதுத் தோல் வாங்க முடியவில்லை என்றால் அந்த விற்பனையால் கூத்துக்கு நன்மை இல்லை.

விற்பனைப் பொருள் என்றாலே தாழ்வு என்று எண்ணும் பழக்கம் நம் எழுத்தாளர்களிடமும் இருக்கிறது. மலையக வரலாறு அதை ஏற்காது. வெளியாட்களுக்குத் தோட்டங்கள் மூடிக் கிடந்த காலத்தில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போய்த் தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. அவருக்கு வாசல் திறந்தது ஒரு துணிப் பொட்டணம். அவருடைய துணைவி மீனாட்சியம்மாள் பாட்டுக்களைச் சிறு நூலாக அச்சிட்டுக் கூட்டங்களில் பாடி மக்கள் கையில் சேர்த்தார். அவருடைய பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. சட்டைப் பைக்குள் மடங்கும் அந்த மலிவான புத்தகம், கலையிலிருந்து பிறந்து கைமாறிய மலையகத்தின் மிகச் சிறந்த பொருள் என்பேன். அதில் பாடியவரின் பெயர் இருந்தது, யாருக்காகப் பாடினார் என்பது இருந்தது, விலை ஏழைக்கு எட்டியது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை பின்னர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் இந்த மரபின் தொடர்ச்சிதான். பொருளைச் சிறியதாகவும் மலிவாகவும் செய்வதில் இழிவு கிடையாது. யாருடையது என்பதை மறைப்பதில்தான் இழிவு.

இந்த வரலாற்றை நினைத்துத்தான் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உன் புத்தகம் முழுவதும் வாங்குகிறவர் வெளிநாட்டுக்காரர் என்ற முடிவோடு இருக்கிறது. 2023இல் மலையக மக்கள் இங்கே வந்த 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடையில் போனவர்களின் பிள்ளைகள் கொழும்பில் வேலை பார்க்கிறார்கள், கனடாவிலும் தமிழ்நாட்டிலும் உறவுகளை வைத்திருக்கிறார்கள். தங்கள் பாட்டனின் கூத்துக் கிரீடத்தைக் கழுத்தில் சுற்றிக்கொள்ள அவர்கள் விரும்புவார்கள். தபால் அட்டை மாதிரிச் சிறிய பொருளாவது நூறு இருநூறு ரூபாய்க்குள் அவர்களுக்கு வேண்டும். பெயர் அட்டை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தமிழ் எழுத்தை அச்சகத்தின் கணினியில் கிடைத்தபடி போடாதே, உன் கையால் வரை.

நிழலுருவம் வரும் பக்கங்களை எடுத்துவிடு. கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைந்தே ஆக வேண்டும் என்றால் ஒருத்தியைப் பார்த்து, அவள் சம்மதத்தோடு, முகத்தோடும் பெயரோடும் தலையில் கயிற்றோடும் வரை. சால்வையை அச்சுக்குக் கொடுக்கும் முன் கூத்துக் குழுவிடம் போ. ஒரு சால்வைக்கு எவ்வளவு என்பதை அவர்களே சொல்லட்டும். அதைத் தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். அந்தத் தாள் உன் கையில் வரும்வரை ஒரு சால்வைகூட அச்சாக வேண்டாம்.