சட்டம் கேட்பதும் நமக்கு வேண்டுவதும்

மோட்டார் கார் உடையோர் இன்ஷூரன்ஸ் செய்தே தீரவேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு விதிக்கிறது. இக்கட்டாயம் யாருடைய நன்மைக்காக என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். நம் காரால் பிறருக்கு நேரும் மரணம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றிற்கே அது ஈடு செய்கிறது. நம் கார் களவு போயினும் தீப்பற்றினும் அதனால் நமக்கு ஒரு காசும் கிட்டாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கார்கள் மூழ்கியபோது, சட்டத்திற்காக மட்டும் பாலிசி எடுத்திருந்தோர் நஷ்டத்தைத் தாமே சுமக்க நேர்ந்தது.

ஆகவே, சொந்தச் சேதத்தையும் சேர்த்துப் பாலிசி எடுப்பதே தக்கது. அதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, காரின் மதிப்பு. கார் களவு போனால் கிடைக்கும் உச்சத் தொகை பாலிசியில் குறித்த மதிப்பேயாகும். பிரீமியம் குறையுமென்று மதிப்பைக் குறைத்துக் குறிப்பது விதைநெல்லைச் சமைத்துண்பதை ஒக்கும்.

இரண்டாவது, தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை மாற்றும்போது விலையில் பாதியைக் கழித்தே தருவர். சற்றுக் கூடுதல் பிரீமியம் செலுத்தி இக்கழிவைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, எஞ்சின். நீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்கு, அதற்கெனத் தனிப் பாதுகாப்புச் சேர்க்காவிடில், பெரும்பாலும் ஈடு கிடைப்பதில்லை. வெள்ளத்தில் நின்ற காரை முடுக்கவும் கூடாது.

மதிப்பு மிகக் குறைந்த பழைய காருக்குச் சட்டப் பாலிசியே போதுமானதாகலாம். இன்றே கார் போய்விடின், தறியையோ நிலத்தையோ அடகு வையாமல் இன்னொன்று வாங்க இயலுமா? இக்கேள்விக்கு விடை கண்டபின் பாலிசியில் கையொப்பமிடுவோமாக.