சொட்டு மருந்தும் குழந்தையின் குடலும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு 6, 10, 14-ஆவது வாரங்களில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து வாய்வழியாகப் புகட்டப்படுகிறது. கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் இத்திட்டம் 2016-இல் முதன்முதலாகத் தொடங்கப்பெற்ற நான்கு மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்றாகும்.

சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரிலும், தில்லி, புனே நகரங்களிலும் 6,799 குழந்தைகளிடையே நம் நாட்டு மருந்தான ரோட்டாவேக் சோதிக்கப்பட்டு, 2014-இல் முடிவு வெளியாயிற்று. முதல் ஆண்டில் கடும் ரோட்டா நோய் சுமார் 56 சதவீதம் குறைந்தது. செல்வ நாடுகளிலோ இவ்வகை மருந்துகள் 85 சதவீதத்திற்கும் மேல் பயனளிக்கின்றன. குறை நம் மருந்தினுடையதன்று. வெளிநாட்டு மருந்துகளும் ஏழை நாடுகளில் இவ்வாறே பின்தங்கின. 1970-களிலேயே, போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை பெற்றும் போதிய எதிர்ப்பாற்றல் பெறாத குழந்தைகள் பலர் இருப்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் எடுத்துக்காட்டினார்.

காரணத்தின் ஒரு பகுதி குடலிலேயே உள்ளது. உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடற்சுவரை ஒட்டியே தங்கியுள்ளது. எதைப் பொறுத்துக்கொள்வது, எதை எதிர்ப்பது என்று அவற்றைப் பழக்குபவை அங்கு வாழும் நுண்ணுயிர்கள். தாய்ப்பாலிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் குழந்தைக்குச் செரிப்பதில்லை. அவை நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கே உணவாகின்றன. அசுத்தமான நீரும் சூழலும் இடைவிடாது கிருமிகளைச் சேர்க்குமாயின் குடற்சுவர் அழற்சியுற்று நைந்துபோகிறது. அதன்மேல் விழும் சொட்டு மருந்து முழுப்பயன் தருவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்களும், ஊட்டக்குறைவும் இதில் பங்கு கொள்கின்றன.

கிருமிகளை மருந்தால் அகற்றிவிட்டால் போதாதா? வேலூரில் இதுவும் சோதிக்கப்பட்டது. போலியோ மருந்துக்கு முன்பு அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டது. தீய பாக்டீரியாக்கள் குறைந்தன, எதிர்ப்பாற்றலோ உயரவில்லை. 2016-இல் வெளியான இம்முடிவு, குறுக்கு வழி தேடுவோர் கருதத்தக்கது. மாறாக, ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடையே நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், நல்ல பாக்டீரியாவையும் அதற்கான உணவையும் ஒருவார காலம் புகட்டியதில், இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் இறப்பும் சேர்ந்து 40 சதவீதம் குறைந்தன. எனினும் எல்லா நுண்ணுயிரும் இப்பயன் தருமென எண்ணலாகாது. கடையில் விற்கும் புட்டிகளுக்கு இது நற்சான்றுமன்று.

குடிநீருக்கும் கழிப்பறைக்கும் ஒரு தலைப்பிலும், தடுப்பு மருந்துக்கு வேறொரு தலைப்பிலும் நிதி ஒதுக்குவது நம் வழக்கம். குழந்தையின் குடலில் இரண்டும் ஒரே கணக்குதான். 56 என்ற எண்ணைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. நோய் மிகுந்த நாட்டில், ஆயிரம் குழந்தைகளுக்கு மருந்து புகட்டுவதால் காக்கப்படும் உயிர்கள், 90 சதவீதப் பயன் காணும் செல்வ நாட்டினும் அதிகமேயாகும்.