புல் வயிற்றுக்கு, கீரை கைப்பிடிக்கு

கேள்வி: செம்பரம்பாக்கத்தில் குடியிருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு கினிப் பன்றிகள் வாங்கினோம். தினமும் ஒரு கட்டு சிறுகீரை போடுகிறேன். போதுமா?

பதில்: கீரை சரி, கட்டுதான் அதிகம். கினிப் பன்றியின் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ப்பது புல்தான். அருகம்புல் அருமை. ஆனால் லாரிப் புகையும் தூசும் படியும் நெடுஞ்சாலை ஓரத்தில் அறுக்காதீர்கள்.

கீரை எதற்கு? நம்மைப் போலவே கினிப் பன்றிக்கும் உடம்பில் வைட்டமின் சி சுரக்காது; சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரு ஆய்வாளர்கள் கினிப் பன்றிகளைத் தானியம் மட்டும் போட்டு வளர்த்தபோது அவற்றுக்கு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி வந்தது. மாலுமிகளின் நோய் புரிந்ததில் இந்தக் குட்டிப் பிராணிக்கும் பங்குண்டு!

சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக் மூன்றிலும் ஆக்சலேட் அதிகம். தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரலாம். வாரம் ஒரு நாள் போதும். மற்ற நாள்களில் கொத்தமல்லி ஒரு கைப்பிடி, கூடவே குடைமிளகாய்த் துண்டு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடவே கூடாது. எந்தக் கீரையானாலும் நன்றாக அலசிப் போடுங்கள்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.