துணியும் பிசினும்: விமான எஞ்சின் உறையின் இறுதிப்பணி

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணியை நம் பக்கத்தில் அறியாதார் இலர். இழைகள் நெருங்காது இடைவெளி விட்டு ஓடுவதால் அத்துணி மருந்தை எளிதில் ஏற்கும். அத்தகைய துணியில் மாவைச் சேர்த்து, நனைத்து, ஒடிந்த காலிற் சுற்றினால் மாவுக்கட்டு ஆகின்றது. மாவு மட்டும் இருப்பின் நொறுங்கும். துணி மட்டும் இருப்பின் துவளும். இரண்டும் கூடியவிடத்தே உறுதி பிறக்கின்றது. இதனை மனத்திற் கொண்டு, ஆகாய விமானத்தின் எஞ்சின் உறையை ஆராய்வாம்.

சிறு விமானத்தின் மூக்கில் எஞ்சினைச் சூழ்ந்து நிற்பது இவ்வுறை. முன்வாயில் வழியே புகும் காற்றை எஞ்சின்மேற் செலுத்திச் சூட்டைத் தணித்து, அடிவழியே வெளியேற்றுவது இதன் தொழில். பல திசையினும் வளைந்த இவ்வடிவைத் தகட்டில் அடித்தெடுத்தல் அரிது. ஆதலின், வீட்டிலேயே விமானம் கட்டுவோர்க்கு அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்தார் அனுப்பும் தொகுதிகளில், உடல் அலுமினியமாயினும் உறை கண்ணாடியிழையே. பெங்களூர்த் தேசிய விண்வெளி ஆய்வகத்தார் ஆக்கி, 1993-இல் முதன்முதற் பறந்த ஹன்ஸா விமானத்துக்கோ உடலும் இழையும் பிசினும் கூடியதே.

கண்ணாடியை நூலாக இழுத்து, துணியாக நெய்து, எப்பாக்சி என்னும் பிசினில் தோய்த்து அச்சிற் படிய வைத்தல் முதற்பணி. இறுகிய உறையில் நெசவின் வரிகளும் ஊசிமுனைத் துளைகளும் தோன்றும். அவற்றைப் போக்குவதே இறுதிப்பணி.

அச்சின் மெழுகு சிறிதும் எஞ்சாது முதலில் துடைத்தல் வேண்டும். மெழுகின்மேல் ஒன்றும் பற்றாது. பின் உப்புத்தாளால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பிசினிற் குழைத்துப் பட்டி பார்ப்பர். இறுகியபின் தேய்ப்பர். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். தாளை நீண்ட கட்டையிற் சுற்றித் தேய்த்தலே முறை. பிரைமர் பூசியதும் மறைந்திருந்த துளைகள் வெளிப்படும். மீண்டும் அடைத்து மீண்டும் தேய்க்க வேண்டும். பூசியதிற் பெரும்பகுதி தூளாய் உதிரும். அத்தூள் நுரையீரலுக்குப் பகை; முகக்கவசமின்றி இப்பணியிற் புகலாகாது.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் உள. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேருக்குக் கனம் குற்றமன்று. ஊர்கூடி வடம் பிடிக்கும். சிறு விமானத்தை இழுப்பதோ ஓர் எஞ்சினே. மிகையாகப் பூசிய பட்டி பயணந்தோறும் வீண்சுமையாம். மூக்கிற் கூடும் கனம் சமநிலையையும் மாற்றும். இஃது ஒன்று. மற்றொன்று, பட்டி வடிவு தருமேயன்றி வலிவு தாராது. வழவழப்பில் ஆசைகொண்டு துணிவரை தேய்த்து இழையை அறுத்தவன், உறையின் உயிரையே அறுத்தவனாவான். விரிசலைப் பட்டியால் மூடி வண்ணம் பூசுதல் அதனினும் கொடிது. நிலத்தில் அது கண்ணைக் கவரும். வானத்திலோ எஞ்சினின் அதிர்வும் காற்றின் விசையும் அவ்விரிசலைத் தேடிப் பிடிக்கும். பழைய பூச்சை நீக்கி, விரிசலின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, பிசின் தோய்த்த புதுத்துணியை ஒட்டுவதே நேர்வழி.

மெருகு வேண்டாமென்பது நம் கருத்தன்று. வழவழப்பான பரப்பின்மேற் காற்று இனிது வழுவிச் செல்லும். ஆயினும் சுமையைத் தாங்குவது மெருகன்று, கண்ணுக்கு மறைந்த நெசவே. பாவும் ஊடும் ஓடும் திசையிலேயே துணி வலிது என்பதைத் தறியருகே வளர்ந்தோரின் கைகள் அறியும். ஆதலின் இத்தொழில் நம் இராஜபாளையத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர்க்கு முற்றும் புதியதன்று. பாதியை அவர்கள் முன்னரே கற்றுள்ளனர்.