இடையன்குடி இல்லம்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடற்கரையை ஒட்டிச் செம்மணல் மேடுகள் நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றன. அம்மேடுகளை அங்குள்ளோர் 'தேரி' என்பர். ஆனி, ஆடித் திங்களில் மேலைக்காற்று வீசத் தொடங்கினால் மணல் எழுந்து ஓரிடம் விட்டு ஓரிடம் நகரும். நெற்றியிலும் கண்ணிமையிலும் உண்ணும் சோற்றிலும் செம்மணல் படியும். அந்நிலத்தில் செழித்து நிற்பது பனை ஒன்றே. ஆடவர் காலையும் மாலையும் மரமேறிப் பதநீர் இறக்குவர். மகளிர் அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். இத்தகைய ஊர்களுள் ஒன்று இடையன்குடி. கடல் கடந்து வந்த கிறித்தவ சமயத் தொண்டர் இருவர் அவ்வூரில் இல்லறம் நடத்தினர். கணவர் இராபர்ட் கால்டுவெல், மனைவி எலைசா.

கால்டுவெல்லைத் தமிழுலகம் நன்கு அறியும். திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதியவர் என்று பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. எலைசாவின் பெயரோ அத்துணை கேட்கப்படுவதில்லை. ஆயினும் இடையன்குடியில் அவ்விருவரும் நடத்திய வாழ்வில் மனைவியின் பங்கு கணவரின் பங்கிற்குக் குறைந்ததன்று.

கால்டுவெல் 1814 மே 7ஆம் நாள் அயர்லாந்தில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் அந்நகரின் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1837இல் கப்பலேறி, 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையை அடைந்தார். தெலுங்கு அறிஞர் சி.பி. பிரௌன் அதே கப்பலில் பயணம் செய்தார். மொழிகளின்பால் கால்டுவெல் கொண்ட வேட்கைக்கு அந்தக் கடற்பயணமும் ஒரு தொடக்கம் எனலாம்.

சென்னையில் மூன்றாண்டுகள் தங்கித் தமிழ் கற்றார். 1841இல் தெற்கு நோக்கிப் புறப்பட்டபோது, பெரும்பாலும் கால்நடையாகவே சென்றார். வெள்ளையர் பல்லக்கிலும் குதிரையிலும் செல்வதே வழக்கமாயிருந்த காலம் அது. தஞ்சை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் வழியாக நீலகிரி ஏறி இறங்கி, மதுரையைக் கடந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். மக்களையும் அவர்தம் பேச்சையும் அறிய விரும்புவோர்க்கு நடைப்பயணத்தைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. பல்லக்கில் செல்பவன் காதில் சுமப்போரின் மூச்சிரைப்பே விழும். நடந்து செல்பவனுக்கோ வழிநெடுகப் பேச்சுத்துணை வாய்க்கும்.

எலைசாவின் கதை வேறு. அவருடைய தந்தையார் சார்லஸ் மால்ட், தாயார் மார்த்தா. அவ்விருவரும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து சமயப்பணியும் கல்விப்பணியும் ஆற்றிய ஆங்கிலேயர். மகள் அவ்வூரிலேயே பிறந்தார். ஆகவே எலைசாவுக்குத் தமிழ் பிற்காலத்தில் கற்ற மொழியன்று. தவழ்ந்த வீட்டிலும் விளையாடிய முற்றத்திலும் காதில் விழுந்த மொழி. பெற்றோரின் ஊர் ஒன்று, தாம் பிறந்த ஊர் மற்றொன்று என்னும் நிலை அவருக்குப் பிறவியிலேயே அமைந்தது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்நிலை புதியதன்று.

1844 மார்ச்சுத் திங்களில் நாகர்கோவிலில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. வயலும் குளமும் நிறைந்த நாஞ்சில் நாட்டைவிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பால் வந்தால் நிலத்தின் நிறமே மாறிவிடும். பசுமை பின்தங்கும், முட்புதரும் பனையும் செம்மண்ணும் எதிர்ப்படும். மணமகளின் புதுவீடு அந்தச் செம்மண்ணில்தான் இருந்தது.

கால்டுவெல் அவ்வூருக்குத் திருத்தமான அமைப்பைக் கொடுத்தார். நிலம் வாங்கி, நேரான தெருக்கள் வகுத்து, கிணறுகள் வெட்டி, நிழல்தரும் மரங்களை நட்டார். வீடுதோறும் சென்று மக்களின் நலம் உசாவுதல் அவர்தம் அன்றாடப் பணிகளுள் ஒன்று. ஆனால் ஆடவர் பகலெல்லாம் பனங்காட்டில் இருப்பர். வீட்டிலிருக்கும் மகளிரோடு அயல்நாட்டு ஆடவர் ஒருவர் எத்துணை நேரம் பேச இயலும்? அக்கதவுகள் எலைசாவுக்கே திறந்தன. அம்மகளிர் பேசுவது போலவே அவரும் பேசினார்.

கணவரின் தமிழ் நூல்களின் வழியே வந்தது. மனைவியின் தமிழ் நாவின் வழியே வந்தது. ஏட்டுத் தமிழில் தேர்ந்தவர் அடுப்படிப் பேச்சில் தடுமாறுதல் உண்டு. 'எங்கே செல்கிறாய்?' என்று நூலில் கற்றவர்க்கு, 'எங்க போற?' என்பது முதலில் வேறொரு மொழியாகவே தோன்றும். வழக்குத் தமிழின் நெளிவு சுளிவுகளைக் கால்டுவெல் தம் மனைவியாரிடமிருந்து அறிந்துகொண்டார். பிற்காலத்தில் தமிழ் விவிலியத்தைத் திருத்தி அமைத்த குழுவில் அவர் பணியாற்றினார். எளிய மக்களுக்கும் விளங்கும் நடை வேண்டப்பட்ட அப்பணியில், வீட்டில் நாள்தோறும் கேட்ட தமிழ் அவருக்குத் துணை நின்றிருக்கும் எனக் கருதலாம்.

எலைசா இடையன்குடிக்கு வந்த சிறிது காலத்திலேயே பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. எழுத்தோடு கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டது. அத்தொழில் லேஸ் பின்னுதல். மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிய கலையை மகள் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். உருண்டையான தலையணை ஒன்றின்மேல் கோலம் வரைந்த தாளை விரித்து, கோட்டின் வழியே குண்டூசிகளைக் குத்துவர். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் பல தலையணையைச் சுற்றித் தொங்கும். அவற்றை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட, ஊசிகளுக்கிடையே நூல் பின்னிப் பூவாகவும் கொடியாகவும் விரியும். ஒரு விரற்கடை அகலத் துணியோரம் முடிப்பதற்கே நெடுநேரம் ஆகும். கண்ணும் விரலும் ஒன்றுபட வேண்டிய வேலை.

வாசலில் புள்ளிக்கோலம் இட்டுப் பழகிய கைகளுக்கு ஊசிகளைச் சுற்றி நூலை வளைத்தல் முற்றிலும் அயலானதாக இருந்திராது. அத்தொழிலால் வந்த வருவாய் பெண்களின் கையில் சேர்ந்தது. நாகர்கோவிலில் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் சிலர் இவ்வாறு ஈட்டிய பொருளைக் கொடுத்தே விடுதலை பெற்றனர் என்பது வரலாறு. ஓர் அலங்காரத் துணியின் ஓரத்தில் இத்துணைப் பெரிய செய்தி ஒளிந்திருக்கிறது.

இவ்வில்லத்தின் நாள்கள் எல்லாம் இனிமையாகவே கழிந்தன என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. 1849இல் கால்டுவெல் தாம் வாழ்ந்த வட்டாரத்து மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் அவர் கூறிய கருத்துகள் சில அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தின. பின்னாளில் அவர்களுள் கற்றோர் பலர் அவருக்கு எதிராகக் குரல் எழுப்பினர். அக்குரலில் நியாயம் இருந்தது. ஒரு மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்தவரும் அவர்களைத் தவறாக எடைபோடக்கூடும். அவருடைய பள்ளிகளில் பயின்றவர்களின் தலைமுறையே அவரை மறுத்து எழுதும் ஆற்றல் பெற்றிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1854ஆம் ஆண்டில் இருவரும் விடுப்பில் இங்கிலாந்து சென்றனர். அங்கிருந்தபோது, 1856இல், கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் இலண்டனில் வெளிவந்தது. தமிழும் அதன் உறவுமொழிகளும் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தனிக்குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவை என்பதை அந்நூல் விரிவாக நிறுவியது. இக்கருத்தை அவருக்கு முன்பே, 1816இல், சென்னையில் எல்லிசு என்பார் சுட்டியிருந்தார். அவர் இட்ட வித்து கால்டுவெல்லிடத்தில் மரமாயிற்று. அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் எண்ணுப்பெயர்களும் உண்டு. தமிழில் 'மூன்று', மலையாளத்தில் 'மூன்னு', கன்னடத்தில் 'மூரு', தெலுங்கில் 'மூடு', துளுவில் 'மூஜி'. ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தத்தம் வீட்டு எண்ணுப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே இவ்வுறவு விளங்கும். அதற்கு இலண்டன் வரை போக வேண்டியதில்லை.

அக்காலத்தில்தான் எலைசாவின் பெற்றோரும் முப்பத்தைந்து ஆண்டுப் பணியை முடித்து இங்கிலாந்துக்குத் திரும்பினர். பெற்றோருக்கு அது தாயகம் திரும்புதல். மகளோ விடுப்பு முடிந்ததும் கணவரோடு மீண்டும் கப்பலேறினார். கடிதம் ஒன்று போய்ச் சேர்ந்து மறுமொழி வரத் திங்கள் பல கழியும் காலம் அது. 'ஊருக்குப் போகிறோம்' என்று அவர் சொல்லியிருந்தால், அச்சொல் எந்தத் திசையைக் குறித்திருக்கும்?

இடையன்குடி இல்லத்தில் பிள்ளைகள் எழுவர் பிறந்து வளர்ந்தனர். கோடைக்காலத்தில் குடும்பம் மலைநாட்டுக்குச் செல்வதுண்டு. கொடைக்கானலில் அமெரிக்கத் தொண்டர்கள் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியிருந்தனர். மலைமேல் வண்டிச்சாலை இல்லை. பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்தில் மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆள்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறவேண்டும். தேரியின் அனலுக்குப் பழகிய உடம்பு மலையின் குளிரில் நடுங்கும். சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

கால்டுவெல் விரும்பிய மற்றொரு வகை உலாவும் உண்டு. ஓய்வு கிடைத்தபோது பழைய ஊர்களைத் தேடிச் செல்வார். தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்தில் கொற்கை என்னும் சிற்றூர் இருக்கிறது. பண்டைக் கிரேக்கர் 'கொல்கோய்' என எழுதிய முத்துத் துறைமுகம் இக்கொற்கையே என்று அவர் துணிந்தார். 1870களில் அங்கே அகழ்ந்து பார்த்தபோது, இறந்தோரை அடக்கம் செய்த பெரிய தாழிகள் வெளிப்பட்டன. கடல் பின்வாங்கிச் சென்றதனால் கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. அதன் பின் கடலருகே எழுந்த காயலும் அவ்வாறே ஆயிற்று. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் எது என்பதையும் அவர் ஆராய்ந்து எழுதினார். இத்தேடல்களின் பயனாக 1881இல் திருநெல்வேலி வரலாறு நூலாக வந்தது.

1877இல் கால்டுவெல் பேராயரானார். அந்நாள்களில் தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நூல் எழுதும் மேசையைவிட்டு எழுந்து கஞ்சிக்கு வழிதேட வேண்டியிருந்தது. திரட்டிய பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உதவும் பணியில் அவர் ஈடுபட்டார். 1847இல் தொடங்கிய இடையன்குடிக் கோயில் 1880இல்தான் நிறைவுற்றது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! கல் சுமந்த இளைஞர் திறப்புவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு வந்திருப்பர்.

1891இல் பணியினின்று ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் தங்கிய கால்டுவெல், அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கே மறைந்தார். அவர் உடலை மலையிலிருந்து இறக்கி, நெடுந்தொலைவு கொண்டுவந்து, இடையன்குடிக் கோயிலில் அடக்கம் செய்தனர். எலைசா 1899இல் மறைந்தார். அவரும் அக்கோயிலில் கணவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் 1968இல் சிலை நிறுவப்பட்டது. எலைசாவுக்குச் சிலை இல்லை. அவர்கள் வாழ்ந்த வீடு தமிழ்நாட்டு அரசால் நினைவு இல்லமாக்கப்பட்டு, ஆடி மாதத்தில் சன்னலைத் திறந்தால் மணல் படியும் அதே இடத்தில் இன்றும் நிற்கிறது.

அருஞ்சொற்பொருள்

தேரி – செம்மணல் மேடு. உசாவுதல் – கேட்டறிதல். விரற்கடை – விரல் அகலம். தாழி – பெரிய மட்பாண்டம்.

பயிற்சி

1. கால்டுவெல்லின் தமிழுக்கும் எலைசாவின் தமிழுக்கும் இடையே என்ன வேறுபாடு? ஐந்து வரிகளில் எழுதுக.

2. 'ஊருக்குப் போகிறோம்' என்று உங்கள் வீட்டில் சொல்லும்போது எந்த ஊரைக் குறிக்கிறீர்கள்? பெற்றோரும் நீங்களும் ஒரே ஊரைத்தான் குறிக்கிறீர்களா? கேட்டறிந்து எழுதுக.

3. வீட்டில் பேசுகின்ற, ஆனால் இப்பயிற்சி நூலில் இதுவரை காணாத தமிழ்ச்சொற்கள் பத்தினைப் பாட்டியிடமோ தாயிடமோ கேட்டுத் தொகுத்து வருக. அடுத்த வகுப்பில் அவற்றைப் படிப்போம்.