வீட்டு முறுக்கா, கடை முறுக்கா?

கேள்வி: என் மனைவி வீட்டிலேயே முறுக்கு சுட்டு மூன்று கடைகளுக்குக் கொடுத்துவந்தார். இருபது மாதத்துக்கு முன் ஒரு நாள், எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போதே கேஸ் தீர்ந்துவிட்டது. அன்று காலை வந்த புது சிலிண்டரை மாட்டி ரெகுலேட்டரைத் திருப்பினார். 'புஸ்' என்று கேஸ் பீய்ச்சி, சாமி விளக்கில் பட்டுத் தீப்பிடித்துவிட்டது. கை, கழுத்து, மார்பு என்று 30 சதவீதத் தீக்காயம். 38 நாள் தனியார் மருத்துவமனையில் வைத்திருந்தோம். செலவு 4 லட்சத்து 60 ஆயிரம். அக்கம்பக்கத்தார் ஈரச் சாக்கு போட்டு அணைத்ததால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவில்லை. மறுநாளே ஏஜென்சியிலிருந்து வந்து சிலிண்டரை எடுத்துப் போனார்கள். இன்ஷூரன்ஸ் வரும் என்று அலையவிட்டவர்கள், வியாபாரத்துக்குப் பயன்படுத்தியதால் பைசா வராது என்று இப்போது கைவிரிக்கிறார்கள். கேஸ் இணைப்பு இறந்துபோன என் அப்பா பேரில் இருக்கிறது. பக்கத்து வீட்டு சிலிண்டர் ஒன்றும் அன்று எங்கள் வீட்டில் இருந்தது. மூன்று சிலிண்டர் வைத்திருந்ததே குற்றம் என்று மிரட்டுகிறார்கள். முறுக்கு வீட்டுக்குச் சுட்டது என்று சொல்லி வழக்குப் போடலாமா?

— பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். விட்டதில் முக்கியமானது ஒன்றுமில்லை. நீங்கள் எழுதாமல் விட்டதுதான் நிறைய இருக்கிறது.

கடைசி வரிக்கு முதல் பதில்: சொல்லக் கூடாது. சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் பொய் எழுதினால் வழக்கும் போகும், உங்கள் மேல் இன்னொரு வழக்கும் வரும். மூன்று கடைக்காரர்களின் கணக்கு நோட்டிலும் உங்கள் கைபேசிக்கு வந்த பணப் பரிமாற்றத்திலும் அந்த முறுக்கு இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய் உங்களுக்குத் தேவையே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் பட்டியலிலிருந்து நீக்குகிறது. அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் செய்து வயிறு கழுவுவதற்காக மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது. ஆள் வைக்காமல் தன் கையால் முறுக்கு பிழிந்து விற்கிற பெண் அந்த விளக்கத்துக்குள் வருகிறார் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. இணைப்பு மாமனார் பேரில் இருந்ததும் இங்கே பெரிய தடை அல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆனால் அப்பா இறந்த பிறகும் அவர் பேரிலேயே சிலிண்டர் வாங்கிக்கொண்டிருந்தது ஏன்? இறப்புச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கொடுத்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை. எதிரி கையில் நீங்களே எடுத்துக் கொடுத்த கட்டை அது.

இன்ஷூரன்ஸ் விஷயம் வேறு. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் சிகிச்சைக்கு நபருக்கு அதிகபட்சம் 2 லட்சம், உயிரிழப்புக்கு 6 லட்சம், பதிவான முகவரியில் ஏற்படும் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் என்று அரசே வரம்புகளைச் சொல்லியிருக்கிறது. ஆக முழுசாகக் கிடைத்தாலும் உங்கள் ஆஸ்பத்திரி பில்லில் பாதிகூடத் தேறாது. வீட்டு உபயோகச் சிலிண்டரை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஒழுங்காணை சொல்கிறது. காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். விபத்து நாளில் நடப்பில் இருந்த பாலிசியின் நகலைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் வேறோர் இடத்தில். கேஸ் எங்கிருந்து கசிந்தது? சிலிண்டரின் மூடியைக் கழற்றினால் வாயின் உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் தெரியும். வாஷர் என்போம். அது வெடித்தோ விலகியோ இருந்தால், ரெகுலேட்டர் எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் கேஸ் பீய்ச்சும். அப்படியானால் குறை சிலிண்டரில். போட வந்தவர் எடையும் கசிவும் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்பது சேவைக் குறைபாடு. அடுப்பில் முறுக்கு வெந்ததா சோறு வெந்ததா என்று வாஷருக்குத் தெரியாது. வியாபாரத்தால் விபத்து நடக்கவில்லை என்ற இந்த வாதம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே கனமான ஆயுதம். ஜெயிக்கும் என்று எழுதித் தர மாட்டேன். ஆனால் கசிந்தது ரெகுலேட்டரிலோ, காலம் கடந்த டியூபிலோ என்றால் கதை தலைகீழாகிவிடும். எரிகிற விளக்கின் பக்கத்தில் சிலிண்டர் மாற்றியதையும் அவர்கள் விடப்போவதில்லை.

இதை நிரூபிக்க வேண்டிய சிலிண்டர் இப்போது எங்கே, ஐயா? மறுநாளே தூக்கிக் கொடுத்துவிட்டு, இருபது மாதம் கழித்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதன் வரிசை எண்ணைக் குறித்தீர்களா? ஒரு போட்டோ? எடுத்துப் போகிறோம் என்று ஒரு துண்டுச் சீட்டு? போலீஸ் வந்து மகஜர் போட்டுக் கைப்பற்றும்வரை, வாசலில் காற்றோட்டமாக வைத்திருக்க வேண்டிய பொருள் அது. ஓடிப்போய் அணைத்தவர்களைக் குறை சொல்லவில்லை; அதற்குப் பிறகாவது 101-ஐக் கூப்பிட்டிருந்தால் தீயணைப்புத் துறையின் அறிக்கை ஒன்று கையில் இருந்திருக்கும். நடையாய் நடந்தேன் என்கிறீர்களே, ஒரு நடைக்காவது ஒப்புகை அட்டையுடன் ஒரு பதிவுத் தபால் போட்டீர்களா? வாயால் கேட்டதும் அவர்கள் வாயால் 'பார்க்கலாம்' என்றதும் சட்டத்தின் காதில் விழாது. முறையீடு செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69 தருகிற காலம் விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு. ஏஜென்சி வாசலில் நின்ற நாட்களை யாரும் அதில் கழித்துத் தர மாட்டார்கள். தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்காராதீர்கள். மீதி நாலே மாதம்.

மூன்று சிலிண்டர் பயத்தை விடுங்கள். மூன்றும் நிறைந்திருந்தாலும் 42.6 கிலோதான். கேஸ் சிலிண்டர் விதிகள், 2016-படி 100 கிலோ வரை எல்.பி.ஜி. வைத்திருக்க உரிமம் வேண்டாம். பயப்பட வேண்டிய கேள்வி வேறு: கசிந்தது உங்கள் இணைப்பில் வந்த சிலிண்டரா, பக்கத்து வீட்டு இரவல் சிலிண்டரா? இரவல் என்றால் ஏஜென்சி உங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். 'காலை வந்த' என்று எழுதியிருப்பதால் உங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறேன். டெலிவரி குறித்து வந்த குறுஞ்செய்தி போனில் இருக்கிறதா பாருங்கள். அழித்துவிடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. சிகிச்சைக்கு முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பி வாங்குங்கள். விபத்து எப்படி நடந்தது என்று டாக்டரிடம் சொன்ன முதல் வார்த்தை அதில்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்து போலீஸ் எழுதிய வாக்குமூலத்தின் நகலையும் வாங்குங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு ஏஜென்சி, எண்ணெய் நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் மூன்றுக்கும் வக்கீல் நோட்டீஸ். வழக்கிலும் மூவரையும் சேர்க்க வேண்டும். இந்தியன் ஆயில் சம்பந்தப்பட்ட ஒரு கேரள வழக்கில், ஏஜென்சி செய்த தவறுக்கு எண்ணெய் நிறுவனம் தானாகப் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருவரை மட்டும் இழுத்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

முறையீடு உங்கள் பேரில் வேண்டாம், காயம்பட்ட மனைவி பேரில் இருக்கட்டும். மாவட்ட ஆணையத்தின் வரம்பும் கட்டணமும் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. உங்களுடையது ஒரு சிலிண்டர் விலை. வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை விசாரியுங்கள்.

காகிதம் எதையும் பார்க்காமல் எழுதிய பதில் இது. இதை வெட்டி எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போய் நிற்காதீர்கள். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். போகும்போது, சிலிண்டரோடு போகாமல் உங்கள் வீட்டிலேயே கிடக்கும் ரெகுலேட்டரையும் டியூபையும் எடுத்துப் போங்கள். டியூபின் மேல் தேதி அச்சாகியிருக்கும். கரியைத் துடைக்காதீர்கள்.